ஆர் கணக்கும் மாறிப்போன விடையும்

செங்கோட்டையிலிருந்து கேட்பவர்:
புனலூருக்கு அருகிலுள்ள எங்கள் பூர்விக நிலத்தின் ஆதாரத்தில் (பத்திரத்தில்) பரப்பளவு 12.14 ஆர் என்று இருக்கிறது. அது எத்தனை சென்ட் என்று செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்டேன். முதலில் 30 என்றது, ‘உறுதிதானா?’ என்றதும் மன்னிப்புக் கேட்டு 49 என்று மாற்றியது. பாகப்பிரிவினை நெருங்குவதால் கவலையாக இருக்கிறது. கவனமாக யோசிக்க வைப்பது எப்படி?

தென்காசி ஆசிரியர்:
அண்ணாச்சி, முதல் விடையே சரி. ‘உறுதிதானா’ என்ற கேள்வியில் புதிய தகவல் எதுவும் இல்லாததால், உங்கள் ஐயத்தையே தவறுக்கான அடையாளமாகக் கொண்டு அது சரியான விடையையும் கைவிட்டுவிடுகிறது. வெளியிலிருந்து சான்று கிடைக்காதபோது இத்தகைய சுயதிருத்தம் பெரும்பாலும் பயன் தருவதில்லை என்று கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் 2023-இல் எழுதினார்கள். ஆகவே, விடைக்கு முன் படிகளை எழுதச் சொல்லுங்கள்: 1 ஆர் 100 சதுர மீட்டர், 1 சென்ட் ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர், 1214-ஐ 40.47-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30. பிறகு 30-ஐ 40.47-ஆல் பெருக்கி, 1214 திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொல்லங்கோட்டு வாசகர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். படிகள் ஒழுங்காகத் தோன்றினாலும் அவற்றுள் பிழை ஒளிந்திருக்கலாம். பழைய விடையைக் காட்டாமல், புதிய உரையாடலில் அதே கேள்வியை இரண்டு மூன்று முறை கேளுங்கள். விடைகள் வேறுபட்டால் அங்கேயே நிறுத்திக் கால்குலேட்டரை எடுங்கள்.

செங்கோட்டையிலிருந்து கேட்டவர்:
மூன்று முறையும் 30 வந்தது. கையாலும் பெருக்கிப் பார்த்துவிட்டேன். பத்திரம் எழுதுவதற்கு முன் நில அளவரிடமும் காட்டுகிறேன். இருவருக்கும் நன்றி.