வன்னிப் பள்ளிக்கூடங்களுக்குப் பேச்சுச் சிகிச்சையாளர்: வலயத்துக்கு ஒருவரா, ஆஸ்பத்திரியே போதுமா?

மல்லாவி ரீச்சர்:
ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனைக்கும் (ஒரு பகுதிப் பாடசாலைகளைப் பார்க்கிற அலுவலகம்) ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் வேணும் என்று மனு எழுதப் போகிறோம். அதுபற்றிக் கருத்துச் சொல்லுங்கோ. இப்போது அவர்கள் சுகாதார அமைச்சின் கீழ் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கினம். ஐயன்கன்குளத்திலிருந்து ஒரு தாய் பிள்ளையைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அன்றைய கூலியும் போச்சு, பிள்ளையின் படிப்பும் போச்சு. காலபோக நெல் அறுவடை தொடங்கினால் கிளினிக் பக்கம் ஒருவரும் போகமாட்டினம். இரண்டு மாதம் விட்டால் பயிற்சி திரும்ப முதலிலிருந்து. பிள்ளை கிழமைக்கு ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்குது. சிகிச்சையும் அங்கேயே வரட்டும்.

கிளினிக் மேசை:
ரீச்சர், தூரம் உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கோ. ஒருவர் நாளுக்கு இரண்டு பாடசாலை போனால் கிழமைக்குப் பத்து. வலயத்தில் அறுபது பாடசாலை இருந்தால் ஆறு கிழமைக்கு ஒருமுறைதான் ஒரு பிள்ளையைப் பார்க்கலாம். ஒரு பள்ளித் தவணைக்கு இரண்டு தரம்! உச்சரிப்புக்கு அது ஒன்றுக்கும் உதவாது. பிள்ளை ஒரு ஒலியைப் பழக ஒரு அமர்வில் எழுபது, நூறு தடவையாவது சொல்லவேணும், அதுவும் கிழமைக்குப் பல நாள்.

அடுத்தது இடம். எங்கட வகுப்பறைகள் அரைச்சுவர், மேலே தகரம். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்புவித்தால் இங்கே ‘ச’வும் ‘த’வும் பிரித்துக் கேட்காது. மழை வந்தால் ஒன்றுமே கேட்காது.

குமுழமுனையான்:
அமெரிக்க அரச பாடசாலைகளில் இந்த வேலை எப்படி நடக்குது என்று சொல்கிறேன், மனுவுக்கு உதவும். அங்கே 1975இல் வந்த விசேட கல்விச் சட்டம்தான் அடித்தளம். பெற்றோர் ஒப்பம் வைத்தபின் மதிப்பீட்டை 60 நாளுக்குள் முடிக்கவேணும் (மாநிலம் வேறு காலக்கெடு வைத்திருந்தால் அது). பிள்ளைக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதி, அதை வருடத்துக்கு ஒருமுறை மீளப் பார்ப்பினம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. திட்டத்தில் ‘பேச்சு முன்னேறும்’ என்று எழுத ஏலாது. ‘படத்தைப் பார்த்துச் சொல்லும் பத்துச் சொல்லில் எட்டில் க சரியாக வரும்’ என்று அளக்கக்கூடியதாக எழுதவேணும்.

அங்கேயும் குறை இருக்கு. மூன்று நாலு பிள்ளைகளை ஒன்றாக இருத்தி அரை மணித்தியாலம் எடுத்தால், ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற தடவைகள் குறைந்துபோகும். வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினது வகுப்புக்குள் வராமலும் போகும். அதனால் சில இடங்களில் மூன்று கிழமை பிள்ளையோடும், நாலாவது கிழமை ஆசிரியரோடும் வேலை செய்யினம். நியமனம் எங்கே என்பதை விட, அந்த நாலாவது கிழமைதான் வன்னிக்குத் தேவை.

மல்லாவி ரீச்சர்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆறு கிழமைக்கு ஒருமுறை வந்தாலும், இடையில் விசேட கல்வி அலகு ஆசிரியர் நாளுக்கு ஐந்து நிமிடம் செய்தால் நடக்கும். முதலாம் பாடம் தொடங்க முன்னம், ஒரு பிள்ளை, ஒரு ஒலி. ஒரு நிமிடத்துக்கு இருபது தடவை சொன்னால் நூறு வந்திடும்.

கிளினிக் மேசை:
நடக்கும், ஆனால் பிழையான நூறு நடக்கும். ‘அக்கா’வை ‘அத்தா’ என்கிற பிள்ளையிடம் “வடிவாச் சொல்லு, க, க” என்று சத்தமாக நூறுதரம் சொல்லவைத்தால் அது நூறுதரம் ‘த’தான் பழகும். நாக்கு நுனி எழும்புவதுதான் சிக்கல். நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, எழும்பினால் புது ஐஸ்கிறீம் குச்சியால் மெல்ல அழுத்தவேணும். தொண்டையில் தண்ணி கொப்பளிக்கிற மாதிரிச் செய்து காட்டினால் பின்நாக்கு எழும்புவதைப் பிள்ளை உணரும். முதலில் ‘அக்’, ‘உக்’ என்று கடைசியில். பிறகு ‘கூ’, ‘கோ’. ‘கி’, ‘கீ’ கடைசியாக, ஏனென்றால் அதில் நாக்கு தானாகவே முன்னுக்கு வரும். பத்தில் எட்டு சரியாக வந்தால்தான் சொல்லுக்குப் போகலாம். சொல்லிலும் ‘காகம்’ வேண்டாம்: நடுவில் இருக்கிற க மெலிந்து வேறு ஒலியாகிவிடும். ‘பக்கம்’, ‘கல்’, ‘சக்கரம்’ எடுங்கோ.

இன்னொன்று. ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பளம்’ என்று சொல்வதைக் குறையாக எழுதவேண்டாம். வன்னியில் பெரியாக்களே அப்படித்தான் சொல்லுகினம். பேச்சுக் குறையைக் குறிக்கிற படிவத்தை ஆசிரியர் கையில் கொடுத்தால் முழு வகுப்பும் பட்டியலில் வந்திடும், உண்மையாக உதவி தேவையான பிள்ளை அதுக்குள் மறைஞ்சிடும்.

குமுழமுனையான்:
அது சரி, அண்ணை. தமிழ்நாட்டுப் படஅட்டைகளும் அப்படித்தான். தர்ப்பூசணிப் படத்தைக் காட்டி ‘ர’ பார்க்கப் போனால் எங்கட பிள்ளை ‘வத்தகப்பழம்’ என்னும், ‘ர’வே வராது. சொற்பட்டியல் இங்கேயே செய்யவேணும்.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். எல்லாமே உச்சரிப்பு இல்லை. பேச்சே வராத பிள்ளைக்குப் படப்பலகைதான் முதல் தேவை, அது வகுப்பில்தான் இருக்கவேணும். தொடக்கத்தில் ஆறு படம் போதும்: வேணும், காணும் (போதும்), தண்ணி, சுசு (சிறுநீர்), உதவி, வெளியே. லமினேற் செய்து வெல்க்ரோ ஒட்டினால் வெக்கைக்கும் தூசிக்கும் பசை விட்டுப்போகும். நூலால் தைத்துவிடுங்கோ. பிள்ளை ‘காணும்’ படத்தைத் தொட்டால் உடனே சோறு போடுவதை நிறுத்தவேணும். தொட்டபிறகும் ஊட்டினால் அந்தப் படத்துக்கு அர்த்தமில்லை என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். இதைக் கிளினிக்கில் இருந்துகொண்டு பழக்க ஏலாது.

திக்கல் இருக்கிற பிள்ளையும் அப்படித்தான். “மூச்சை எடுத்து மெதுவாச் சொல்லு” என்பதை நிறுத்தி, சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, வாசிப்பை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கவிட்டாலே பாதிப் பயம் குறையும். ஆசிரியர் மாறவேண்டிய விஷயம் அது.

கிளினிக் மேசை:
படப்பலகையையும் திக்கலையும் ஒத்துக்கொள்கிறேன். உச்சரிப்பில் இறங்கமாட்டேன்.

மல்லாவி ரீச்சர்:
அப்ப உச்சரிப்புக்கு முதல் மதிப்பீடு உங்களிடம், நாளாந்தப் பயிற்சி எங்களிடம். எந்த ஒலி, எந்தப் படி, எந்தப் பத்துச் சொல் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கோ. அந்தப் படியைத் தாண்டி நாங்கள் போகமாட்டோம்.

கிளினிக் மேசை:
அந்தத் தாளுக்கு மேலே முதல் வரி செவிப்புலன் பரிசோதனை முடிவாக இருக்கட்டும். காது வடியிற பிள்ளைக்கு ஒலி பழக்கிக்கொண்டிருப்பது வீண். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்போது பி.எச்.ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) காதைக் கேட்டு எழுதுவியுங்கோ. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லாத் தரத்தையும் பார்ப்பினம், எங்கட சின்னப் பாடசாலைகளுக்கு அது வசதி.

வலய நியமனத்தை இன்னும் நான் ஆதரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவரை மாதத்துக்கு நாலு நாள் வலயத்துக்கு விடுவித்து, வாகனமும் கொடுக்கும்படி மனுவை மாற்றினால் கையெழுத்து வைப்பேன்.

மல்லாவி ரீச்சர்:
நாலு நாள் காணாது, ஐயா. எட்டு என்று எழுதுகிறேன். வாகனம் இல்லாவிட்டால் எட்டும் பூச்சியம்தான் என்பதையும் சேர்க்கிறேன்.