ஹெலி ஓட்டியவரும் பங்கருக்குள் இருந்த நானும்

கொழும்பில் ஃபிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன், அதிகம் வருவது முதுகுவலிக்காரர்தான். அவர்களில் ஒருவர் விமானப்படையில் ஹெலிகொப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டிய சிங்களவர். பெயர் போடாமல் எழுதலாம் என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

அவருடைய முதுகைத் தொட்டாலே செய்த வேலை தெரிந்துவிடும். இடது கை இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற நெம்புகோலில், வலது கை முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் தடியில், இரண்டு காலும் பெடலில். எதையும் விட முடியாது, சாய்ந்து இருக்கவும் முடியாது, முன்பக்கமும் இடப்பக்கமும் கொஞ்சம் வளைந்தபடி மணிக்கணக்கில் இருக்கவேண்டும், அதோடு அதிர்வு வேறு. அவர் ஓட்டிய பெல் 212 ஹெலிக்கு மேலே சுழல்வது இரண்டே இரண்டு தகடுகள், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு அடி. "அந்த அடி சீட்டால் ஏறி முள்ளந்தண்டுக்குள் போகும் மல்லி (தம்பி)" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. அதே அடியைத்தான் நாங்கள் கீழே இருந்து கேட்டோம்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி, கரவெட்டிப் பக்கம். 1987 மே 26ஆம் திகதி வடமராட்சியைப் பிடிக்க ராணுவம் ஒபரேஷன் லிபரேஷன் தொடங்கியபோது சின்னப் பொடியன். கோயில்களுக்குள் போய் இருக்கச் சொல்லி ஹெலியால் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். எங்கள் பின்வளவில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்த பங்கர் இருந்தது. சத்தத்தை வைத்தே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள், இது பொம்பர், இது சகடை (மெதுவாக வந்து குண்டு போடும் போக்குவரத்து விமானம்), இது ஹெலி என்று. பொம்பர் போட்டுவிட்டுப் போய்விடும். ஹெலி போகாது, அதே இடத்தைச் சுற்றும், அதுதான் பெரிய பயம். சுட்ட வெற்றுக் கோதுகள் ஓட்டில் விழுந்து உருளும். அம்மா எங்கள் வாயைப் பொத்திப் பிடித்துக்கொள்வார், நாங்கள் கதைத்தால் மேலே இருப்பவனுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. அவன் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினோம்.

ஒருநாள் ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது பில்லின் பின்பக்கத்தில் கரையை வரைந்து காட்டினார். தொண்டைமானாறு கடலில் சேருகிற இடம், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை வெளிச்சவீடு, எல்லாம் அதனதன் இடத்தில். பலாலி விமானத் தளத்திலிருந்து கிளம்பினால் அவற்றைப் பார்த்துத்தான் வழி பிடிப்பார்களாம். உங்கள் ஊரில் ஓட்டுக்கூரையும் பனையும் ஒழுங்கைகளும் ஞாபகம் இருக்கு, ஒரு மனுஷர் முகமும் ஞாபகம் இல்லை என்றார். தொடையில் வரைபடம், காதில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் ரேடியோவில், கண் பாதி மீட்டர்களில், பாதி எங்கிருந்து சூடு வருகிறது என்று தேடுவதில். ரொக்கெட்டுக்கு வழிகாட்டி கிடையாது, விட்ட நேரத்தில் ஹெலியின் மூக்கு எங்கே பார்த்ததோ அந்தப் பக்கம் போகும், கொஞ்சம் ஆடினாலும் விலகிவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் புகைதான் தெரியும்.

கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதுண்டா சேர் என்றேன். ஆமிக்காரர் இடத்தைச் சொன்னார்கள், அடித்தோம், கேட்கவில்லை என்றார். சாட்டுச் சொல்லவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்த மாதம் செத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள்.

1995 ஏப்ரல் 28, 29 இரண்டு நாளும் பலாலிப் பக்கம் விமானப்படையின் அவ்ரோ போக்குவரத்து விமானம் ஒவ்வொன்றாகப் புலிகளின் ஏவுகணையில் விழுந்த பிறகு பறக்கிற முறையே மாறிவிட்டது என்றார். அப்புறம் அவர் எம்ஐ-24 என்ற தாக்குதல் ஹெலிக்குப் போனார். அதில் சுடுகிறவர் முன்னால், ஓட்டுகிறவர் அவருக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில். ஏவுகணை என்ஜின் சூட்டைத் தேடி வரும் என்பதால் ஃபிளேர்களை எரியவிட்டுக்கொண்டே திரும்புவார்கள், கடலுக்கு மேல் அவ்வளவு பதிவாகப் போவார்கள், கண்ணாடியில் உப்புப் படிந்துவிடும். கூடப் படித்தவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. அந்தப் பெயர்களைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

ஆனால் இப்போதும் கனவில் வருவது காயக்காரரை ஏற்றிய பயணங்கள்தானாம். ஹெல்மெட்டும் என்ஜின் சத்தமும் சேர்ந்து பின்னால் யார் கத்தினாலும் கேட்காது. முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவார். சில நேரம் பின்னாலிருந்து கன்னர் வந்து தோளில் தட்டி, இனி அவசரம் இல்லை என்று கையால் காட்டுவானாம். இறங்கியதும் தளத்தைப் பைப் தண்ணீரால் கழுவிவிட்டு அடுத்த பயணம். இதைச் சொல்லி முடித்த பிறகு அவர் தோள் இறுகியே இருந்தது, அன்றைக்குச் சிகிச்சை ஒன்றும் சரியாகச் செய்ய முடியவில்லை.

2007 உலகக் கிண்ண இறுதிப் போட்டி இரவு ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 29 விடிய முன்னம், மட்ச் போய்க்கொண்டிருக்கும்போதே கரண்டை நிறுத்தினார்கள், வானம் முழுக்கச் சூடு, கொலன்னாவையிலும் முத்துராஜவெலவிலும் எண்ணெய்க் குதங்களுக்குப் புலிகளின் விமானக் குண்டு. அப்போது அவர் ஓய்வு பெற்று கல்கிசையில் இருந்தார். மனைவியையும் மகளையும் படிக்கட்டுக்குக் கீழே இருத்திவிட்டு, சின்ன விமானம்தான், ஒற்றை என்ஜின் என்று சத்தத்தை வைத்துச் சொன்னாராம். கைகால் நடுங்கியதாம். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் கீழே இருந்தேன் என்றார். நான் வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தேன், எனக்குக் குண்டைவிட விடிந்ததும் வரப்போகிற செக்கிங்தான் பயம். அந்த ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதைச் சொன்னேன். நியூஸில் கேட்டதோடு சரி, அங்கே இருந்தவர் ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன் என்றார்.

போன மாதம் அவருடைய லொக் புக்கை, பறந்த விபரம் எழுதும் பதிவேட்டை, கொண்டுவந்தார். 1987 மே பக்கத்தைச் சேர்ந்து பார்த்தோம். திகதி, ஹெலியின் இலக்கம், பறந்த நேரம் இருக்கிறது, ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. எங்கள் வளவுக்கு மேலே சுற்றியது அவரா வேறு ஆளா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

அவர் தன்னுடைய அனுபவங்களைச் சிங்களத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறார். வடமராட்சி வருகிற இடத்தில் கீழே நடந்ததை நான் எழுதவேண்டும் என்று கேட்டேன், சம்மதித்துவிட்டார். அதனால் நெல்லியடி, கரவெட்டி, உடுப்பிட்டி, அல்வாய்ப் பக்கம் அந்த மே மாதம் பங்கரிலோ கோயிலிலோ இருந்தவர்கள், எந்த நாள், எந்த இடம், ஹெலி எந்தப் பக்கத்தால் வந்தது என்று ஞாபகம் உள்ளதை எனக்கு எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்தது மட்டும் போதும்.