பழக் கிரம்பிள் சுட்ட அனுபவங்கள்: மேலே மொறுமொறுப்பு, கீழே குழைவு

பழத் துண்டுகளின் மேல் மாவு, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் உதிரியாகப் பிசறித் தூவி ஓவனில் சுட்டெடுக்கும் கிரம்பிளை வீட்டில் செய்து வருபவர்கள் தத்தம் அனுபவத்தை எழுதினால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பெரிதும் உதவும் என்பதால், நானே முதலில் எழுதுகிறேன். கேக் செய்வதற்கு வேண்டிய கறாரான அளவுக் கணக்கு இதற்குத் தேவையில்லை. முட்டை அடிக்க வேண்டாம், மாவு உப்பி எழுமா என்ற கவலையும் இல்லை. ஆயினும், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பதங்கள் ஒரே பாத்திரத்தில், ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் கூடி வர வேண்டியிருப்பதால் இது முழுக்க எளிதான பலகாரமும் அன்று. கீழே பழம் வெந்து, சாறு விட்டு, அந்தச் சாறும் கெட்டிப்பட வேண்டும். மேலே கிடக்கும் உதிரி அதே சாற்றின் ஆவியில் ஊறிவிடாமல் மொறுமொறுவென்று நிற்க வேண்டும். நான் பார்த்தவரையில், கிரம்பிள் சொதசொதவென்று போகும் வீடுகளில் பெரும்பாலும் மேல்மாவையே குறை சொல்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது அடியில் இருக்கும் பழத்தின் நீரைத்தான்.

என் நாத்தனார் பிளம் பழத்தில் செய்த கிரம்பிளை முன்வைத்தே இது எனக்குத் தெளிவானது. ஓவனிலிருந்து எடுத்தபோது மேல்மாவு ஓரங்களில் மட்டும் சிவந்திருந்தது. நடுவே சாறு பொங்கி வந்து மாவை நனைத்து, கூழ் பரப்பியதாகத் தோன்றியது. அடுத்த முறை மாவைக் கூடுதலாகச் சேர்த்தால் சாற்றை உறிஞ்சிவிடும் என்று அவர் கருதினார். அப்படிச் செய்தபோது மேலே வறண்ட மாவுப் பொடியும் கீழே அதே நீரும் தனித்தனியாக நின்றன. அதன்பின் இருவரும் சேர்ந்து, மேல்மாவில் ஒன்றையும் மாற்றாமல், பழத்தில் மட்டும் கை வைத்தோம். நறுக்கிய பழத்தில் சர்க்கரையைக் கலந்து அரை மணி நேரம் வைத்தால், சர்க்கரை பழத்திலிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. அந்தச் சாற்றை வடித்து, சிறு வாணலியில் ஊற்றி, பாதிக்கும் கீழே வற்றிப் பாகாகத் திரளும்வரை கொதிக்கவிட்டு, மறுபடியும் பழத்தோடு கலந்து பாத்திரத்தில் பரப்பினோம். சுவையில் ஒரு துளியும் வீணாகவில்லை. போனது வெறும் தண்ணீர் மட்டுமே. அன்றைக்கு மேல்மாவு நடுப்பகுதிவரை ஒரே சீராகச் சிவந்து வந்தது.

ஆப்பிளுக்கு இந்த வடிகட்டும் வேலை அவ்வளவு தேவைப்படாது. ஆப்பிளிலும் எடையில் சுமார் 85 விழுக்காடு நீர்தான் என்றாலும், அதன் சதை அந்த நீரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சாற்றைத் திரளவைக்கும் இயற்கைப் பொருளான பெக்டினும் ஓரளவு இருப்பதால் சாறு தானாகவே கொஞ்சம் கெட்டிப்படுகிறது. பீச், பிளம், பெர்ரி வகைகளே அதிகம் நீர் விடுபவை. அவற்றுக்கு ஒரு கிலோ பழத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) கலந்துகொள்வது நல்லது. ஆப்பிளுக்கு ஒரு மேசைக்கரண்டியே போதும். சோள மாவு கலந்துவிட்டால் மட்டும் சாறு கெட்டியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாவு நன்றாகக் கொதிக்கும் அளவுக்குச் சூடு ஏறினால்தான் சாறு திரளும். அதுவரை சாறு வெண்மை கலந்து கலங்கலாகவும், நாவில் பச்சை மாவின் வாடையோடும் இருக்கும். ஆகவே மேல்மாவின் நிறத்தை மட்டும் பார்த்து ஓவனை அணைப்பதை விட, பாத்திரத்தின் ஓரத்தைக் கவனிப்பதே நம்பகமானது. முதலில் ஓரத்தில் எழும் குமிழிகள் சிறியவையாக, வேகமாக, தண்ணீர்க் கொதிபோல இருக்கும். சாறு திரண்டபின் அதே குமிழிகள் பெரிதாகி, மெதுவாக எழுந்து, ‘பொளக்’ என்று வெடித்து அடங்கும், சாறும் கண்ணாடித் தெளிவோடு மினுங்கும். நடுப்பகுதியிலும் இடுக்குகளில் அந்தக் குமிழி தென்பட்டால் உள்ளே வெந்துவிட்டது என்று நம்பலாம்.

மேல்மாவுக்கு நான் நிலையாகப் பின்பற்றும் அளவு மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கிலோ பழத்துக்கு இது சரியாக இருக்கும். வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து, சிறு கட்டிகளாக நறுக்கி, மாவில் போட்டு விரல் நுனிகளால் மட்டும் தேய்க்க வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் விரைவில் இளகிவிடும். 30 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே அது உருகத் தொடங்கும் பொருள். கையை உயர்த்தி, மாவை விரல்களுக்கிடையே தேய்த்துத் தேய்த்துக் கீழே உதிர விட்டால், கொழுப்பு மாவின் துகள்களைச் சுற்றிப் படிந்துகொள்கிறது. அவ்வாறு படிந்த மாவுக்குள் நீர் எளிதில் புகாது. நீர் புகாவிட்டால் மாவில் பிசுபிசுப்பான இழுவை உண்டாகாது. இழுவை இல்லாததால்தான் சுட்டபின் அது கடிக்கும்போது பொலபொலவென்று உதிர்கிறது. வெண்ணெய் முன்னதாகவே இளகிவிட்டால் மாவு முழுவதும் ஒரே பசையாகத் திரண்டு, சுட்டபின் உதிரியாக இல்லாமல் கெட்டியான தகடாகிவிடுகிறது. பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர வேண்டும், அதுவே பதம். அதில் பொடியும் இருக்க வேண்டும், பட்டாணி அளவுக் கட்டிகளும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சீரான பொடியாக்கிவிட வேண்டும் என்று முனைபவர்களுக்கு அந்தக் கட்டிகள்தான் மொறுமொறுப்பைத் தருகின்றன என்று அன்போடு சொல்வேன்.

கலந்த மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பழத்தின் மேல் தூவ வேண்டும். கரண்டியால் அழுத்திச் சமப்படுத்தவே கூடாது. அழுத்தினால் ஆவி வெளியேற வழியின்றி மாவுக்குள்ளேயே தங்கிவிடும். ஓவனை முன்கூட்டியே 180 டிகிரிக்குச் சூடாக்கி, நடுத்தட்டில் வைத்தால் 40 முதல் 45 நிமிடத்தில் வெந்துவிடும். விசிறி உள்ள ஓவனாயின் 160 டிகிரி போதும். வெளியே எடுத்ததும் வாய் ஊறினாலும், கால் மணி நேரமாவது ஆற விடுங்கள். சாறு ஆற ஆறத்தான் முழுமையாகத் திரள்கிறது.

* * *

சாற்றை வடித்து வற்றவைப்பது குறித்து எழுதிய சகோதரிக்கு நன்றி. உறைநிலையில் வைத்திருந்த பெர்ரிகளைப் பயன்படுத்தும் எனக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. பழம் உறையும்போது உள்ளிருக்கும் நீர் பனிப் படிகங்களாகிச் செல்களின் சுவரைக் கிழித்துவிடுவதால், பழம் இளகியதும் புதுப்பழத்தை விட மிகுதியான சாறு வெளியேறிவிடுகிறது. ஆகவே நான் பெர்ரிகளை வடிதட்டில் போட்டு முழுமையாக இளகவிட்டு, கீழே சேரும் சாற்றைத் தனியே வற்றவைத்துக் கலக்கிறேன்.

அதற்கு மேலும் ஒரு வழி உண்டு. விருந்தினர் வரும் நாளில், மேல்மாவை ஒரு தட்டில் பரப்பி, பழம் இல்லாமல் தனியாகவே 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், இளம்பொன்னிறம் வரும்வரை சுட்டு எடுத்துக்கொள்கிறேன். இடையில் ஒரு முறை முள்கரண்டியால் கிளறிவிட வேண்டும். பிறகு கொதித்துக்கொண்டிருக்கும் பழத்தின் மேல் அதைத் தூவி, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் சேர்த்துச் சுட்டால், அடியில் எவ்வளவு சாறு இருந்தாலும் மேல்மாவு மொறுமொறுப்பை இழப்பதில்லை. உண்மையைச் சொன்னால், மாவின் அடிப்பகுதியில் சாறு சிறிது ஊறி, பழமும் மாவும் கலந்து நிற்கும் அந்த மெல்லிய அடுக்கு இம்முறையில் கிடைக்காது. எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கு அந்த அடுக்குதான் மிகவும் பிடிக்கும் என்பதால், அவருக்காகச் செய்யும்போது பழைய முறையிலேயே செய்துவிடுகிறேன்.

* * *

கோதுமை ஒத்துக்கொள்ளாத என் மகளுக்காக மைதா இல்லாமல் செய்து வருகிறேன். பாதாம் மாவும் ஓட்ஸும் சம அளவில் சேர்த்து, வெண்ணெயை மட்டும் சற்றே குறைத்துக்கொள்கிறேன். பாதாமிலேயே எண்ணெய் இருப்பதால் வழக்கமான அளவு வெண்ணெய் சேர்த்தால் மாவு ஓவனில் இளகி வழிந்துவிடும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஓட்ஸில் இயல்பாக இல்லையென்றாலும், அரைக்கும் இடத்தில் கோதுமை கலந்துவிட வாய்ப்பு உண்டு. எனவே குளூட்டன் அற்றது என்று உறையில் குறிப்பிட்டிருப்பதை மட்டுமே வாங்க வேண்டும். இந்த விஷயத்தில் சிறிதும் தளர்வு காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதாம் மாவு மைதாவை விட விரைவில் கருகும். 170 டிகிரியில் வைத்து, நிறம் ஏறியதும் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள். இறுக மூடினால் ஆவி உள்ளேயே சுற்றிச் செய்த வேலையெல்லாம் வீணாகும்.

* * *

வெண்ணெயைக் குறைத்துச் செய்ய முடியுமா என்று பலரும் கேட்பதால் இதை எழுதுகிறேன். கிரம்பிள் பிரிட்டனில் பரவலாக வேரூன்றியதே வெண்ணெயும் சர்க்கரையும் தட்டுப்பாடாக இருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். அங்கே 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. உணவுப் பங்கீடு முழுமையாக விலக 1954 ஆயிற்று. பழத்தைச் சுற்றி அடியிலும் மேலும் மாவுத் தகடு வைத்துச் செய்யும் ‘பை’ (pie) என்ற பலகாரத்துக்கு வேண்டிய கொழுப்பும் மாவும் கிடைக்காத நிலையில், மேலே மட்டும் உதிரியாகத் தூவுவது சிக்கனமாக இருந்தது. வெண்ணெய்க்கு மாற்றாக மார்கரினும் மாவோடு ஓட்ஸும் இடம்பெற்றன. ஆகவே குறைத்துச் செய்வது இந்தப் பலகாரத்துக்குப் புதிதன்று. என் அனுபவத்தில், 200 கிராம் மாவில் 50 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓட்ஸைச் சேர்த்தால், வெண்ணெய் 80 கிராமாகக் குறைந்தாலும் மொறுமொறுப்புக்குக் குறைவில்லை. அதற்கும் கீழே போனால் மாவு பிடிபடாமல் பொடியாகவே நின்று, வாயில் மாவு வாடை அடிக்கிறது. அப்போது ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரைத் தெளித்து முள்கரண்டியால் கிளறினால் சிறு கட்டிகள் திரளும். ஆனால் அது வெண்ணெயின் சுவைக்கு ஈடாகாது.

* * *

அனைவரும் எழுதியதைப் படிக்க மிகுந்த மகிழ்ச்சியாக இருக்கிறது. எந்த ஆப்பிள் சிறந்தது என்று கேட்டிருந்தீர்கள். கிரானி ஸ்மித் புளிப்பாகவும், வெந்தபின் துண்டு துண்டாகவும் நிற்கும். பிராம்லி வெந்ததும் கரைந்து கூழாகிவிடும். கிடைத்தால் இரண்டையும் கலந்து செய்யுங்கள். கரையும் ஆப்பிள் சாற்றைக் கெட்டியாக்க, கரையாத ஆப்பிள் கடிப்பதற்குப் பதம் தருகிறது. இனிப்பு ஆப்பிள் மட்டுமே கையில் இருந்தால் சர்க்கரையைக் குறைத்து, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். அது நறுக்கிய பழம் கறுப்பதையும் தடுக்கும். மேல்மாவு இனிப்பாக இருப்பதால், அடியில் புளிப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டும் இனிப்பானால் நாலு கரண்டிக்கு மேல் சாப்பிட முடியாமல் திகட்டிவிடும். புளிப்பான தண்டுடைய ருபார்ப் செடி கிடைப்பவர்கள் அதையும் முயன்று பார்க்கலாம். ஆனால் தண்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இலை நச்சுத்தன்மை உடையது.

மிஞ்சியதை மறுநாள் சூடாக்குவது குறித்தும் ஒருவர் கேட்டிருந்தார். மைக்ரோவேவில் வைத்தால் பழத்தின் நீர் ஆவியாகி மாவை நனைத்துவிடும். ஓவனில் 160 டிகிரியில் 15 நிமிடம் மூடாமல் வைத்தால் மேல்மாவு மீண்டும் மொறுமொறுப்பாகும். கண்ணாடிப் பாத்திரமாயின் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே சூடான ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விடக்கூடும். கூடத்துச் சூட்டுக்கு வந்தபின் வையுங்கள். மேல்மாவை மட்டும் இரண்டு மடங்காகப் பிசறிப் பாதியைப் பையில் போட்டு உறைய வைத்துக்கொள்வது எனக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. அதை இளகவிடாமல் அப்படியே பழத்தின் மேல் தூவலாம். ஐந்து நிமிடம் மட்டும் கூடுதலாகச் சுட வேண்டியிருக்கும்.