பெருமூளை வாதம்: நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் போதுமா?

உப்புவெளி அம்மா:
மகளுக்கு 4 வயசு, பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாவது), வலப்பக்கம் இறுக்கம். இவ்வளவு நாளும் கை காலை நீட்டி மடக்கிவிடுவதுதான் பயிற்சி. புதிதாக வந்த தெரபிஸ்ட் அதைக் குறைத்துவிட்டு, தானே இடியப்பம் பிய்த்துச் சாப்பிடப் பழக்கச் சொல்கிறார். இது சரிவருமா?

நிலாவெளி:
சரிதான் அக்கா. நாங்கள் நீட்டிவிட்டால் தசைக்குக் கொஞ்சம் சுகம், அவ்வளவுதான். ஒரு வேலையைப் பிள்ளை தானே திரும்பத் திரும்பச் செய்தால்தான் அந்த வேலை வரும். 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இலக்கு வைத்துப் பழக்குவதைத்தான் ஆதரித்தது. இலக்கை மகளிடமும் கேட்டுத் தெரிவு செய்யுங்கள்.

மூதூரான்:
தட்டு வழுக்காமல் கீழே ஈரத்துணி போடுங்கள். யோகட் கப்பை ஒரு கையால் பிடித்து மற்றக் கையால் மூடியை உரிக்கவிடுங்கள், இரண்டு கைக்கும் வேலை. இறுகிய கை வேலை செய்யட்டும் என்று நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பழக்கும் முறையும் உண்டு, ஆனால் தெரபிஸ்ட் சொல்லாமல் வீட்டில் செய்யாதீர்கள், பிள்ளை வெறுத்துப்போகும். ஸ்பிளின்ட் (கை காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) இருந்தால் அதையும் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

உப்புவெளி அம்மா:
நன்றி. நேற்றே தொடங்கியாச்சு, சம்பல் சுவர் வரைக்கும் போயிருக்கு!