மூட்டைப்பூச்சிக்கு ஸ்ப்ரே அடித்தும் போகவில்லை, குழந்தையும் பூனையும் இருக்கும் வீடு. என்ன செய்யலாம்?

வடபழனிவாசி:
வணக்கம். ஒரு பெட்ரூம் வாடகை வீடு. நான், மனைவி, மூன்று வயதுப் பெண், ஒரு பூனை. பழைய ஃபர்னிச்சர் கடையில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டோம், அன்றைக்குப் பிடித்தது சனி. ராத்திரி லைட்டைப் போட்டால் தலையணை ஓரமாக ஓடுகிறது, காலையில் பாப்பா கையில் வரிசையாகத் தடிப்பு. கடையில் விற்கிற கரப்பான் ஸ்ப்ரேயை வாங்கி, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு மெத்தை மேலேயே நனைய நனைய அடித்தோம். ஒரு வாரம் பத்து நாள் சத்தமில்லை. இப்போது மறுபடியும், அதுவும் ஹால் சோபாவில்கூட. இதைவிடக் கடுமையான மருந்து எது? எப்படி அடிப்பது?

தெளிப்பான்:
சார், நான் பெஸ்ட் கன்ட்ரோல் வேலையில் இருக்கிறேன். மருந்து கடுமையாக இருக்கிறதா என்பதைவிட அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் முக்கியம். கேன் ஸ்ப்ரே பெரும்பாலும் நேராக மேலே பட்டதைத்தான் கொல்லும். பகலில் இது மெத்தை மேல் உட்கார்ந்திருக்காது, கட்டில் மூட்டு, ஸ்குரூ ஓட்டை, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், மெத்தைத் தையல் என்று ஏடிஎம் கார்டு நுழையும் சந்து கிடைத்தால் போதும், ஒளிந்துகொள்ளும். மேலாகப் புகை போட்ட மாதிரி அடித்தால் சாகாதது கலைந்து அடுத்த இடம் பார்க்கும், சோபாவுக்கு அப்படித்தான் வந்திருக்கும். அப்புறம் முட்டை. ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், வெள்ளையாக மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலான ஸ்ப்ரேக்கு அது அசையாது. நம் ஊர் சூட்டில் ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும். நீங்கள் சொல்லும் கணக்கும் அதுதான்.

கட்டிலைக் கழற்றுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், மைப்பேனாவால் தொட்டு வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அங்கேதான் கூட்டம். பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி, வேக்யூம் கிளீனர் இருந்தால் இழுத்து, அந்தக் குப்பையைப் பையில் இறுகக் கட்டி உடனே வெளியே போட்டுவிடுங்கள். அதற்கு அப்புறம்தான் மருந்து. லேபிளில் ‘மூட்டைப்பூச்சி’ என்று போட்டிருக்க வேண்டும், வீட்டுக்குள் அடிக்க என்றும் இருக்க வேண்டும். சந்துக்குள் மட்டும், லேசாக ஈரம் தெரிகிற அளவுக்கு. படுக்கும் பரப்பிலும் தலையணையிலும் பொம்மையிலும் வேண்டாம். ஸ்விட்ச் பாக்ஸுக்குள் அடிக்கவே கூடாது. தண்ணீரில் கலக்கும் மருந்து என்றால் லேபிள் சொல்லும் அளவுதான், ஒரு மூடி கூடுதலாக ஊற்றினால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான் தலை சுற்றும். பத்துப் பதினான்கு நாள் கழித்து, பொரித்து வந்த குஞ்சுகளுக்காக இன்னொரு முறை, தேவைப்பட்டால் அதற்குப் பிறகும்.

இன்னொன்று, கடை ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகளுக்கு மூட்டைப்பூச்சி உலகம் முழுக்கவே பழகிப்போய்விட்டது. நேராக மேலே அடித்தும் நடந்துகொண்டே இருந்தால் அதே கேனை இன்னொன்று வாங்காதீர்கள், வேறு வகை மருந்து கையில் இருக்கும் உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

மண்டிக்காரன்:
பாஸ், இவ்வளவு எதற்கு? அரிசி மண்டியில் போடுவோமே அந்த மாத்திரை, ரெண்டை கட்டிலுக்கடியில் வைத்து ரூமைப் பூட்டினால் முடிந்தது. இல்லையென்றால் நுவான்.

வார்டுசிஸ்டர்:
தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு, காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு வரும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ரூமைப் பூட்டினாலும் கதவிடுக்கு வழியாகப் பக்கத்து வீடு வரை போகும், அங்கே தூங்குகிறவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. வீட்டு உபயோகத்துக்கு அதை விற்கவே கூடாது என்பதுதான் சட்டம். நுவான் என்பது டைகுளோர்வாஸ், 2020 டிசம்பரோடு இந்தியாவில் முழுத் தடை. வயலுக்கு அடிக்கும் எந்த மருந்தும் வீட்டுக்கு வேண்டாம். டப்பாவில் சாய்சதுரக் குறி இருக்கும் பாருங்கள், சிவப்பு, மஞ்சள் என்றால் கையிலேயே எடுக்காதீர்கள்.

கதவைச் சாத்தி அடித்ததும் தப்பு தம்பி. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை, முழுக்கை சட்டை, குழந்தை வேறு வீட்டில். துணி மாஸ்க் மருந்து ஆவியைத் தடுக்காது. கேன் ஸ்ப்ரே தீப்பிடிக்கும், அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி எல்லாம் அணைத்திருக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108, டப்பாவையும் கூடவே கொண்டுபோங்கள்.

மூன்றுபூனைகள்:
பூனையைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! பெர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகளை உடைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத்தில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே எச்சில் வடியும், உடம்பு நடுங்கும். நன்றாகக் காயும் வரை உள்ளே விடாதீர்கள். மீன் தொட்டி இருந்தால் அதையும் முதலிலேயே வெளியேற்றுங்கள்.

வடபழனிவாசி:
நன்றி சிஸ்டர், நன்றி எல்லோருக்கும். மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டால் போதுமா? அதுவரை ஹாலில் படுக்கலாமா? கட்டிலைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார் மனைவி.

தெளிப்பான்:
கனமான மெத்தைக்கு வெயில் போதாது சார், மேலே சுடும், பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும். தையல் ஓரமாக ஸ்டீமரை நிதானமாக ஓட்டினால் முட்டையும் சாகும். போர்வை, உறையெல்லாம் அறுபது டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இரும்புக் கட்டிலாக இருந்தால் கொதிக்கிற தண்ணீரை மூட்டுகளில் ஊற்றச் சொல்வேன், உங்களுடையது மரம் என்றால் ஸ்டீம்தான்.

ஹாலுக்குப் போகாதீர்கள், பின்னாலேயே வரும். பட்டினி போட்டும் கொல்ல முடியாது, மாதக்கணக்கில் தாங்கும். மருந்து காய்ந்தபின் அதே கட்டிலில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் படுங்கள். நம் பாட்டிமார் செய்த மாதிரி நான்கு காலுக்கும் கிண்ணம், ஆனால் சோப்புத் தண்ணீராக ஊற்றுங்கள், வெறும் தண்ணீர் என்றால் டெங்கு கொசு முட்டையிடும்.

கட்டிலைப் போட்டே தீருவது என்றால் உடைத்துப் போடுங்கள். அப்படியே தெருவில் வைத்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள், உங்களுக்கு வந்ததும் அப்படி வந்த கட்டிலாக இருக்கலாம். சோபா அடித்துணியைப் பிரித்துப் பார்த்தீர்களா?