பொருள்: பிள்ளைகளோடு பணியாற்றுவோருக்கான 'செக்' (சோதனை): தமிழில் என்ன போடலாம்?

சிட்னியிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளித் தொண்டர்களுக்கு ஒரு அறிவித்தல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். 'வேர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' என்பதற்கு ஒரு சொல் தாருங்கள்.

நியூ சவுத் வேல்ஸில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிற விசயம் இது. ஆளின் குற்றப் பதிவுகளையும், வேலை செய்த இடங்களில் பதிவான முறைகேடுகளையும் பார்ப்பார்கள். முடிவு இரண்டே: அனுமதி அல்லது தடை. அனுமதி ஐந்து வருடம் செல்லும். தொண்டருக்குக் கட்டணம் இல்லை. தொண்டரின் இலக்கம் 'வி'யில் முடியும், சம்பளத்துக்கு வேலை செய்பவரின் இலக்கம் 'ஈ'யில் முடியும். கடதாசியை வாங்கிக் கோப்பில் வைத்தால் காணாது, பள்ளி தானே இலக்கத்தை இணையத்தில் போட்டுப் பார்க்கவேணும்.

பழைய அறிவித்தலில் 'பொலிஸ் சான்றிதழ்' என்று இருக்கிறது. அதை வாசித்துவிட்டுச் சிலர் எப்போதோ எடுத்த பொலிஸ் றிப்போட்டைக் கொண்டுவருகினம். தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் உதவிக்கு வந்த ஒரு அம்மா, பொலிஸ் என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிட்டா. ஊரில் பட்டது அப்படி.

சென்னையிலிருந்து:

அக்கா, புதிதாக எதற்கு? இங்கே போக்சோ விதிகள், 2020 (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் விதிகள்) பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் எல்லாவற்றிலும் ஊழியர்களை அவ்வப்போது காவல்துறை மூலம் விசாரித்துப் பின்னணியையும் பார்க்கச் சொல்கின்றன. நாங்கள் 'பின்னணிச் சரிபார்ப்பு' என்றே மொழிபெயர்க்கிறோம். வல்லினம் மிகும், 'ச்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்பேர்ணிலிருந்து:

'பின்னணி' வேண்டாம். எங்கட ஆட்களிடம் பின்னணி விசாரிப்பது என்றால் எந்த ஊர், ஆருடைய மகன், என்ன சாதி என்றுதான் போய் நிற்கும். தடை செய்யப்பட வேண்டிய ஒருவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்ற பேரோடுதான் உள்ளே வருகிறான். அந்தச் சொல்லே ஆபத்து.

மதுரையிலிருந்து:

நண்பர்களே, வள்ளுவர் தந்த சொல் இருக்க ஏன் அலைச்சல்? 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். 'தேறற்க யாரையும் தேராது' என்கிறார். தேர்தல் ஆராய்தல், தேறுதல் நம்புதல். தேர்ந்தபின் தேறு. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும், சங்கப் பாட்டில் வரும் தேறல் எனும் தெளிந்த கள்ளும் அந்த வேரில் முளைத்தவையே. ஆகவே 'தேற்றச் சான்று' என்க.

சென்னையிலிருந்து:

ஐயா, தேற்றம் என்றால் எட்டாம் வகுப்புப் பையனுக்குப் பித்தாகரஸ்தான். உங்களுக்கு வேண்டுமானால் இலக்கணத்தில் உறுதிப்பொருள் தரும் 'ஏ'யான தேற்றேகாரம் நினைவுக்கு வரும். தொண்டருக்கு எது வரும்?

மெல்பேர்ணிலிருந்து:

ஐயா, அதே அதிகாரத்தின் கடைசிக் குறளையும் பாருங்கோ. 'தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' தெளிந்தபிறகு சந்தேகப்படாதே என்கிறது. இந்தச் சட்டமோ அனுமதி கொடுத்த பிறகும் ஐந்து வருடமும் புதுக் குற்றப் பதிவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு மட்டும் பார்க்கும் பொலிஸ் சான்றிதழுக்கும் இதற்கும் அதுதானே வித்தியாசம்.

மதுரையிலிருந்து:

அடுத்த அதிகாரத்தையும் படியுங்கள். 'நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை.' பணியில் வைத்தவனை நாள்தோறும் பார் என்கிறார். உங்கள் சட்டம் 520ஆம் குறள். தேற்றம் பிடிக்காவிட்டால் 'பணிநாடல்' என்று வையுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து:

உத்திரமேரூர்க் கல்வெட்டும் இங்கே பொருந்தும். பராந்தகன் காலத்திலேயே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரைக் குடவோலையிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அவருடைய உறவினர்களையும் சேர்த்து.

மெல்பேர்ணிலிருந்து:

உறவினரையும் விலக்குவதுதான் நான் சொன்ன 'பின்னணி'. இங்கே ஆளைத்தான் பார்க்கிறார்கள், குலத்தையல்ல.

பிரிஸ்பேனிலிருந்து:

குயின்ஸ்லாந்தில் எல்லாரும் 'ப்ளூ கார்ட்' என்கிறோம். அது மூன்று வருடம் செல்லும். 2020 ஆகஸ்ட் 31இலிருந்து அட்டை கையில் வராமல் சம்பள வேலை தொடங்கவே ஏலாது. பெயருக்காக ஒருவரும் தடுமாறியதில்லை. பேசுகிற பெயரையே எழுதுங்கோ.

சென்னையிலிருந்து:

முடிவு அனுமதி அல்லது தடை என்றால் 'தடையில்லாச் சான்று' சரியாக உட்காரும். ஆனால் இங்கே அது கட்டடத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் போய்விட்டது. பெயருக்கு முன்னால் போடும் சொல்லில் ஒரு எச்சரிக்கை: 'சிறுவர்' போட்டால் தமிழ்நாட்டில் ஆண்பிள்ளைகள் மட்டும் என்று படிப்பார்கள்.

சிட்னியிலிருந்து:

'குழந்தைகள்' போட்டால் எங்கட ஆட்கள் கைக்குழந்தை என்பார்கள். அதனால் 'பிள்ளைகள்'. நாளைக்கு அச்சு, 'பிள்ளைகள் பாதுகாப்புச் சரிபார்ப்பு' என்று போடுகிறேன். பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் 'வேர்க்கிங் வித் சில்ட்ரன் செக்'. அதன் கீழே ஒரு வரி: 'இது பொலிஸ் சான்றிதழ் அல்ல, பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தேவையில்லை.' அந்த அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் எழுதுங்கோ.

சென்னையிலிருந்து:

சரி.

பிரிஸ்பேனிலிருந்து:

சரி. இரண்டாவது பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கோ.

மதுரையிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'பாதுகாப்புச் சரிபார்ப்பு' என்பதைப் பாதுகாப்புக்கான சரிபார்ப்பு என நான்காம் வேற்றுமையில் விரிப்பீர்கள். படிப்பவர் பாதுகாப்பைச் சரிபார்த்தல் என்று இரண்டில் விரித்து, வேலியும் கதவும் பார்க்க யாரோ வருகிறார்கள் என்று எண்ணுவார். பார்க்கப்படுவது ஆள். சொல்லில் ஆளே இல்லை. அடுத்த அச்சுக்கு முன்னாவது 'பணிநாடல்' பற்றிப் பேசுவோம்.