[கலைச்சொல் தேவை] காரில் குழந்தைகளுக்கான இருக்கை

குழுமத்தாருக்கு வணக்கம்.

பெற்றோருக்கான சாலைப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மூன்று இடத்தில் தட்டுகிறது: கைக்குழந்தைக்கான கார் சீட், வளர்ந்த பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர், இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சட்டம் சொல்லும் பொதுப்பெயர் (child restraint system). ஐ.நா. ஒழுங்குவிதிகள் 44 (1981), 129 (2013) இரண்டும் அந்தப் பொதுப்பெயரில்தான் பேசுகின்றன. என் கைக்கு வந்த பழைய வரைவில் ‘குழந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு’ என்றிருக்கிறது. வாசிப்பவர் குடும்பக் கட்டுப்பாடு என்றே எடுத்துக்கொள்வார்.

நி.

* * *

அன்புள்ள நி.,

கட்டுப்பாடு வேண்டாம் என்பது சரி. தளை இருக்கிறதே! செய்யுளில் சீரையும் சீரையும் பிணிப்பது தளை. மகவையும் இருக்கையையும் பிணிப்பதும் அதுவே. ‘குழவித்தளை’ என்று எழுதுங்கள். ‘குழந்தை’யைவிடக் குழவியே பழையது. தொல்காப்பியர் மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர் ஒன்பதை அடுக்கிவிட்டு, மக்களுக்கு உரியவை குழவியும் மகவுமே என்று வரையறுக்கிறார். ‘பிள்ளை’யைப் பின்னால் வந்தவர்கள்தாம் மனிதருக்கு ஆக்கினார்கள்.

வே.

* * *

வே. ஐயா, தளை என்றதும் வாசகர் மனத்தில் வருவது கால்விலங்கு. விலங்கு பூட்டும் பெயரை வைத்துவிட்டுக் குழந்தையை அதில் உட்காரவை என்று தாயிடம் எப்படிச் சொல்வது? குழவியும் பொருந்தவில்லை. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை இந்தச் சட்டம். பதினொரு வயதுப் பையன் குழவியா?

‘காப்பு’ என்ற அருமையான சொல்லை விட்டுவிட்டோம். பிள்ளைத்தமிழின் முதற் பருவமே காப்புதானே. ‘குழந்தைக் காப்பிருக்கை’ என்றால் யாருக்கும் புரியும். ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஒரு கணக்கின்படி அம்புலிப் பருவம் 15ஆம் மாதம். ஒழுங்குவிதி 129இன்படி பின்பக்கம் பார்த்தே குழந்தையை உட்காரவைக்க வேண்டிய காலமும் 15 மாதம்வரை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவம் சிறுதேர். அதையும் ஊர்தியோடு சேர்த்து எண்ணிப்பார்க்கலாம்.

தா.

* * *

சிறுதேர் குழந்தை தானே உருட்டி விளையாடுவது, ஏறிப்போவது அன்று. பருவங்களின் மாதக் கணக்கும், சிற்றிலக்கியத்துக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் நூலுக்கு நூல் மாறும். ‘காப்பிருக்கை’யில் வேறொரு சிக்கலும் உண்டு. வரி மடங்கும் இடத்தில் ‘காப்பி’ தனியாக நின்றுவிடும்.

வே.

* * *

வணக்கம். நான் இந்த இருக்கைகளைப் பெற்றோருக்குப் பொருத்திக் காட்டுகிறவன். தமிழிலக்கணம் அதிகம் தெரியாது. தா. அம்மா போகிறபோக்கில் சொன்ன ‘பின்பக்கம் பார்த்து’ என்பதில்தான் எனக்குப் பயம். அந்தக் கையேட்டில் ‘பின்னோக்கு இருக்கை’ என்று வந்தால் பாதிப்பேர் காரின் பின்சீட் என்றே படிப்பார்கள். சீட்டைப் பின்னால் வைத்து, குழந்தையை முன்பக்கம் பார்க்க உட்காரவைத்துவிட்டு, சொன்னபடி செய்தோம் என்று நிம்மதியாக இருப்பார்கள்.

சின்னக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கழுத்தெலும்பு இன்னும் முற்றாதது. முன்பக்கம் பார்த்திருக்கும்போது வண்டி மோதினால், வார் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். முழு இழுப்பும் கழுத்தில். முகம் பின்பக்கம் இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் இருக்கையின் ஓடு ஒருசேரத் தாங்கும். அப்படி வைத்த சீட்டின் முன்னால் வேலை செய்கிற ஏர்பேக் இருக்கவே கூடாது. அது விரியும் வேகத்தில் இருக்கையின் ஓடு குழந்தையின் தலையில் போய் மோதும். ஆகவே இதற்கு ஒற்றைச் சொல்லே வேண்டாம். ‘குழந்தையின் முகம் வண்டியின் பின்முனைக் கண்ணாடியைப் பார்க்க’ என்று முழுதாக எழுதுங்கள்.

வார் இறுக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். காறையெலும்புக்குப் பக்கத்தில் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் இழுக்க வேண்டும். தடித்த மேலங்கியோடு கட்டினால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அங்கியைக் கழற்றிவிட்டுத்தான் கட்டவேண்டும்.

மு.

* * *

மு. சொல்வதற்கு என் முழு ஆதரவு. ‘புறநோக்கு’ என்று எழுத வந்தேன், அழித்துவிட்டேன். ‘புறம்’ முதுகும் ஆகும், வெளியும் ஆகும். சன்னல் பக்கம் திருப்பிவைப்பார்கள்.

பூஸ்டருக்கு ‘உயரணை’ எப்படி? தலையணையில் உள்ள அணைதான்.

தா.

* * *

நீர்த்தேக்கம்போல் ஒலிக்கிறது. ‘ஏற்றணை’?

கா.

* * *

எல்லாரும் வாயால் சொல்வது கார் சீட், பூஸ்டர். கடையில் கேட்பதும் அதையே. தமிழெழுத்தில் அப்படியே போட்டால் என்ன? பெயர் புரியாமல் கையேட்டை மூடிவிட்டால் அடிபடுவது குழந்தை.

பூ.

* * *

கா., பூ. இருவருக்கும்: பெயர் எதுவானாலும் அது எதற்கு என்பதை அடுத்த வரியிலேயே எழுதவேண்டும். பூஸ்டர் உயரத்துக்காக இல்லை, பெல்ட்டுக்காக. கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்ந்து கிடக்கவேண்டும், மேல்பட்டை தோளின் நடுவே போகவேண்டும். உயரம் போதாத பிள்ளைக்குக் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறிவிடும்; மோதினால் குடலும் முதுகெலும்பும் காயப்படும். பட்டை கழுத்தை அறுக்கிறது என்று அதைக் கைக்குக் கீழே விட்டுக்கொள்ளும் பிள்ளைகளையும் தினம் பார்க்கிறேன்.

மு.

* * *

அனைவருக்கும் நன்றி. நாளை கொடுத்தாகவேண்டும், ஆகவே இப்படி முடித்திருக்கிறேன். முதலில் வருமிடத்தில் ‘குழந்தைக் காப்பிருக்கை, அதாவது கார் சீட்’. பிறகு காப்பிருக்கை மட்டும். பூஸ்டர் பூஸ்டராகவே இருக்கிறது. ‘ஏற்றணை’க்கு இருவர்தான் கைதூக்கினீர்கள். திசையைப் பற்றி மு. சொன்ன வாசகத்தைப் படத்தோடு சேர்த்துவிட்டேன். பொதுப்பெயருக்கும் காப்பிருக்கையையே போடுகிறேன்.

நி.

* * *

பொதுப்பெயராக அது பிழை. குழந்தை படுத்தபடி போகும் தொட்டில் வகையும் அந்த விதிக்குள் வருகிறது. தொட்டில் இருக்கையா? அடுத்த பதிப்புக்காவது ‘தளை’யை மறுபடி எண்ணிப்பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கால்தளை என்ற அச்சம் போக ‘காப்புத்தளை’ என்று வைக்கலாம். இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

வே.